மூன்றாவது சரணத்தில் உதடு ஒட்டவில்லை

செல்வத்தின் மேல் எனக்கு வந்த கோபம் தப்பு. மற்ற எல்லோர் மேலும் வந்த கோபம் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதியில் நான் அவனைத் திட்டும்போது நீங்களும் என்னோடு சேர்ந்து திட்டிவிடுவீர்கள்.

நான் ஜானட். ராயபுரம். அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். இது நடந்தபோது விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருடம். எடிட்டிங் எனக்கு வரும், பொறுமை வராது. எங்கள் டீமில் கேமரா பிடித்தவன் தண்டையார்பேட்டை அத்னான். அவனுடைய மாமா கல்யாண வீடியோ கடை வைத்திருப்பதால் மீசை முளைக்கும் முன்பே கேமராவைத் தோளில் தூக்கியவன். பாட்டெழுதிப் பாடியவன் செல்வம். நான் சொல்லப்போவது அவனைப் பற்றித்தான்.

செல்வம் எண்ணூர்க்காரன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் லோக்கலில் தினமும் அதே பெட்டி, அதே கதவோரம். அவன் எந்தப் பெட்டியில் இருக்கிறான் என்று தேடவே வேண்டாம், தகரத்தில் விழும் தாளம் பிளாட்பாரம் வரைக்கும் கேட்கும். ஒல்லி. பார்த்தால் இவனிடமிருந்தா அந்தக் குரல் என்று தோன்றும். அவனிடம் ஒரு வியாதி உண்டு. ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாட மாட்டான். பெட்டியில் யார் ஏறினாலும் முதல் கேள்வி, "பேரு இன்னா?" அடுத்த நிமிடம் அந்தப் பேர் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கூடையோடு ஏறும் கருவாட்டுக்கார அம்மா, டிக்கெட் பரிசோதகர், கொருக்குப்பேட்டையில் ஏறும் பாலிடெக்னிக் பையன்கள் எல்லோரும் அவன் பாட்டில் ஒருமுறையாவது இருந்தவர்கள்தான். என் பேரை ஒருநாள் சாம்பிராணியோடு சேர்த்துப் பாடினான். ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

இந்தப் பழக்கம் சாவு வீட்டிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் செத்தால் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கானா பாடுவார்கள். பாட்டு பழையதாக இருக்கலாம், மெட்டு இரவல் வாங்கியதாக இருக்கலாம். செத்தவர் பேர் மட்டும் கட்டாயம் வந்தாக வேண்டும். பேர் வராவிட்டால் வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள், "இன்னாபா, யாருக்குப் பாடுற?" என்று கேட்பார்கள். செல்வம் பதினைந்து வயதிலிருந்து அப்படிப் பாடப் போனவன். முன்னே பின்னே தெரியாதவர்களின் பேரையெல்லாம் பாடி அழ வைத்தவன்.

அவனைப் படிக்க வைத்தது அவன் அண்ணன் அறிவு. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அறிவு பத்தாவதோடு நிறுத்திவிட்டு மணலிப் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். நான் அறிவை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். அட்மிஷன் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "சினிமா கிளாஸ் எங்கக்கா கீது?" என்று என்னிடம் கேட்டான். எனக்கு அவனைவிட நாலு வயது குறைவு. ஆனாலும் அக்கா. போகும்போது தம்பியிடம், "பாடிக்கினே இரு, வேணாங்கல. அட்டெண்டன்ஸ் மட்டும் போச்சு, வூட்டாண்ட வராத" என்று சொன்னான்.

போன வருடம் ஜூலையில் அந்த அறிவு செத்துப்போனான்.

எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் செங்குட்டுவனும் அறிவும் தோஸ்து. செங்குட்டுவன் ஒரு கெமிக்கல் கம்பெனியில் டேங்க் கழுவும் காண்ட்ராக்டில் இருந்தான். அவனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் சேர்ந்தாற்போல் போகாவிட்டால் காண்ட்ராக்டர் கேட் பாஸைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அறிவு, "நீ படுடா, நான் போறேன்" என்று அவனுடைய பாஸை மாட்டிக்கொண்டு போனான். எங்கள் பக்கத்தில் இது புதிது கிடையாது. அண்ணன் பாஸில் தம்பி போவான், மச்சான் பாஸில் மாமன் போவான். கேட்டில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நோட்டில் செங்குட்டுவன் என்று எழுதிவிட்டு அறிவு உள்ளே போனான். டேங்கில் இறங்கினான். மேலே வரவில்லை.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அறிவு என்று யாரும் உள்ளேயே வரவில்லை என்றது. வெளியே லாரி நிறுத்துகிற இடத்தில் ஒரு ஆள் மயங்கிக் கிடந்தான், மனிதாபிமானத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம் என்றது. ஆதாரத்துக்குக் கேட் நோட்டின் ஜெராக்ஸைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தது. அதில் செங்குட்டுவன் காலை எட்டு மணிக்கு உள்ளே போய், சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்திருந்தான். காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன் உள்ளே போனான், செத்தவன் வெளியே வந்தான், எல்லாவற்றுக்கும் நேரம் போட்டுக் கையெழுத்து இருந்தது. கூட இறங்கிய இரண்டு பேர் முதல் நாள் செல்வத்தின் அம்மாவிடம் நடந்ததை அழுதுகொண்டே சொன்னார்கள். இரண்டாம் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். செங்குட்டுவன் வாயையே திறக்கவில்லை. அவன் மேல் எனக்கு வயிறு எரியும். செல்வத்துக்கு எரியாது. "அவனுக்கும் ரெண்டு கொயந்த கீது ஜானட்டு" என்பான்.

அறிவின் சாவு வீட்டில் செல்வத்தோடு பாடுகிற பையன்கள் எல்லோரும் வந்தார்கள், பாடினார்கள். செல்வத்தை ஒரு வரி பாடச் சொன்னார்கள். அவன் அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்தான். வாயே திறக்கவில்லை. ஊர்ப் பிணத்துக்கெல்லாம் பாடியவன் சொந்த அண்ணனுக்குப் பாடவில்லை. அப்புறம் ரயிலிலும் தாளம் கேட்கவில்லை. ஐந்து மாதம் அப்படிப் போனது.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு மியூசிக் வீடியோ என்று அறிவிப்பு வந்தபோது அவனாகவே என்னிடம் வந்தான். "ஒரு பாட்டு கீது. அண்ணனுக்குப் பாடணும். எடுக்கலாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான். நான் அன்றைக்கே அத்னானை இழுத்துக்கொண்டு வந்து பேப்பரில் ஷாட் பிரிக்க ஆரம்பித்தேன்.

முதல் சரணம் எண்ணூர் முகத்துவாரம். இரண்டாவது ரயில், கொருக்குப்பேட்டை லைன். மூன்றாவது மணலி ரோடு, டேங்கர் லாரிகள், கம்பெனி கேட்டுக்கு எதிரே. அந்த மூன்றாவது சரணம் இதுதான்:

கேட்டுக்குள்ள போன ஆளு
கேட்டத் தாண்டி வரவே இல்ல
அறிவு அறிவுன்னு கூவிக்கினு
அம்மா வாசல்ல குந்திக்கினு.

திட்டத்தை எடுத்துக்கொண்டு ஜெபசிங் சாரிடம் போனோம். எங்கள் துறைத் தலைவர், ப்ராஜெக்ட் கைடும் அவரே. திருநெல்வேலிப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பேப்பரைப் புரட்டிவிட்டு, "கத்தி இல்லையே?" என்றார்.

"கத்தி எதுக்கு சார்?" என்றேன்.

"நார்த் மெட்ராஸ்னா ஒரு ரா ஃபீல் வேணும்லா? புகை, பச்சை குத்தின கை, நாலு பசங்க பைக்ல... அப்பதான் ஆடியன்ஸ் கனெக்ட் ஆவாங்க."

எங்கள் தெருவில் நாலு பேர் துறைமுகத்தில் வேலை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், எதிர் வீட்டு ரோஸ்மேரி நர்ஸ். கத்தி இருப்பது மீன் வெட்டுகிற பிலோமி அக்காவிடம் மட்டும்தான். அதைச் சொன்னேன். சார் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த குண்டைப் போட்டார். பாட்டின் தமிழ் புரியவில்லையாம், கீழே தமிழிலேயே சப்டைட்டில் போட வேண்டுமாம். தமிழுக்குத் தமிழில் சப்டைட்டில்! அவர் 'சொல்லுதேன்' 'போறாவ' என்று பேசுவது எங்களுக்கு மூன்று வருடமாகப் புரிகிறது, யாரும் அவர் நெஞ்சுக்குக் கீழே எழுத்து ஓட விடச் சொல்லவில்லை. அத்னான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்ததால் இதைச் சொல்லாமல் விட்டேன்.

பிறகு மூன்றாவது சரணத்துக்கு வந்தார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வம், உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இந்தப் பேரு வேண்டாம்."

செல்வம் பேப்பரையே பார்த்தான்.

"தனிப்பட்ட ஒரு ஆளோட பேரு வந்தா அது உங்க வீட்டுக் கதையாப் போயிரும். பேரு இல்லைன்னா எல்லாருக்கும் பொருந்தும். யுனிவர்சலா இருக்கும். 'தோழா தோழா'ன்னு போடு, தாளமும் சரியா உக்காருதுல்லா? இன்னொன்னும் சொல்லுதேன். கேஸ், கம்பெனின்னு ஏதாவது வந்தா காலேஜ் தாங்காது. பேரோட கொண்டாந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூணு பேருக்கும் ப்ராஜெக்ட் மார்க் போயிரும், பாத்துக்கிடுங்க."

நான் எழுந்தே விட்டேன். செல்வம் என்னைப் பார்க்காமல், "சரி சார்" என்றான்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா சரி? இன்னா சரி? அந்த ஒரு பேருக்குத்தான இந்தப் பாட்டே?"

"வுடு ஜானட்டு."

"உனக்கு ரோஷமே கெடையாதா? கம்பெனிக்காரன் அவன் வரவே இல்லன்னான், இவரு அவன் பேரே வேணான்றாரு, நீ சரி சார்ன்ற!"

"வுடுன்னு சொல்றேன்ல" என்றான். கை மட்டும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. அந்தச் சட்டை அட்மிஷன் அன்று அறிவு போட்டு வந்தது. அது அப்போது என் கண்ணில் படவில்லை. கோபத்தில் இருக்கும்போது எனக்கு எதுவும் கண்ணில் படாது.

கல்லூரி ரெக்கார்டிங் அறையில் பாட்டைப் பதிவு செய்தோம். 'தோழா தோழா' என்று சுத்தமாகப் பாடிவிட்டுப் போனான். ஒரே டேக். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

படப்பிடிப்பு மூன்று நாள். இந்த வேலை எப்படி நடக்கும் என்றால், பதிவு செய்த பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட வேண்டும். பாடுகிறவன் கேமரா முன்னால் அதோடு சேர்ந்து வாய்விட்டுப் பாட வேண்டும். சும்மா வாயசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, பொய் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் கேமராவும் தன் பாட்டுக்கு ஒரு சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளும். காற்று, லாரி, நாய், பாடுகிறவன் தொண்டை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதற்குப் பைலட் ட்ராக் என்று பேர். எடிட்டில் அதை வைத்து இடம் பார்த்துக்கொண்டு, பிறகு ஊமையாக்கிவிட்டு, ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டை மேலே வைப்போம். பைலட் ட்ராக்கை உட்கார்ந்து கேட்கிறவர்கள் யாரும் கிடையாது.

மூன்றாம் நாள் மணலி ரோடு. கம்பெனி கேட்டுக்கு எதிர்ப்பக்கம், அரசாங்க ரோட்டில்தான் நின்றோம். காற்றில் அந்த வாசனை. அங்கே இருக்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குத் தலை வலித்தது. அத்னான் கேமராவை வைத்ததும் செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"இன்னாபா இது? கேட்டாண்ட கேமராலாம் கூடாது. உள்ள யாரையாச்சும் பாக்கணும்னா நோட்டுல பேர எழுதிட்டுப் போங்க. ரோட்டுல நிக்காதீங்க."

கையில் அந்த நோட்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரே நோட்டுதான். பேர், ஊர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். செல்வம் ரோட்டைத் தாண்டிப் போய், "அண்ணே, ஒரு நிமிஷம்ணே" என்று வாங்கிப் பின்பக்கமாகப் புரட்டினான். வேக வேகமாகப் புரட்டினான். செக்யூரிட்டி பிடுங்கிக்கொண்டார்.

"அதுல பழசெல்லாம் கெடையாதுபா. ஜனவரியில புது நோட்டு."

கேட்டை விட்டு நூறு அடி தள்ளி நின்று எடுத்தோம். எனக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. தூரத்தில் செல்வம் பாடுவது என் காதில் விழவே இல்லை. அத்னான் ஹெட்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான். ஒவ்வொரு டேக்கிலும் லாரி குறுக்கே வந்தது. ஏழு டேக் எடுத்தோம். செல்வம் ஏழு தடவையும் கேட்டைப் பார்த்தபடி பாடினான். முடிந்ததும் நான் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் லேபில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். முதல் சரணம் நன்றாக ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. மூன்றாவதில் உதடு ஒட்டவில்லை.

'தோழா' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உதடு குவியும், பிறகு வாய் திறக்கும். செல்வத்துக்கு வாய் முதலில் திறந்து பிறகு குவிந்தது. ஒரு ஃப்ரேம் முன்னே தள்ளினேன், ஒட்டவில்லை. நாலு ஃப்ரேம் பின்னே இழுத்தேன், ஒட்டவில்லை. இரண்டாவது டேக்கை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன். அதே கதை. மத்தியானம் சாப்பிடாமல் மூன்று மணிவரை மல்லுக்கட்டினேன். அவனை எவ்வளவு திட்டினேன் என்று பக்கத்தில் இருந்த அத்னானைக் கேட்டால் சொல்வான். ஒரு பாட்டை ஒழுங்காகப் பாடத் துப்பில்லை, விற்றது விற்றாய், விற்ற வரியையாவது உருப்படியாகப் பாடித் தொலைக்கக் கூடாதா, ரயிலில் பண்ணுகிற வேலையை இங்கேயும் பண்ணிவிட்டான், இப்படியெல்லாம்.

"கத்தாத. பைலட்ட ஆன் பண்ணு. இன்னாதான் பாடிக்கிறான்னு கேளு" என்றான் அத்னான்.

ஸ்டுடியோ பாட்டை ஊமையாக்கிவிட்டுப் பைலட் ட்ராக்கைத் திறந்தேன். முதலில் காற்று. பிறகு டேங்கர் லாரியின் ஹாரன். தூரத்தில் எங்கள் ஸ்பீக்கர் 'தோழா தோழா' என்று மெல்லிசாகக் கேட்டது. அதற்கு மேலே, கேமராவுக்கு முன்னால் நின்ற செல்வத்தின் தொண்டை, கிழிகிற மாதிரி.

அறிவு அறிவுன்னு கூவிக்கினு.

இரண்டாவது டேக்கைப் போட்டேன். அறிவு. மூன்றாவது, நாலாவது. அறிவு. ஏழு டேக்கிலும் அறிவு. காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வேறொன்றைக் கத்தும்போது அதற்கு எதிராக ஏழு தடவை, ஒரு தடவைகூடத் தவறாமல், ஒரே மாதிரி பாடியிருந்தான். எந்தப் பாட்டையும் இரண்டு தடவை ஒரே மாதிரி பாடாதவன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதல் தடவையாக என் மேல் வந்தது.

கேன்டீனில் செல்வத்தைப் பிடித்தேன். "ஏண்டா சொல்லல?"

அவனுக்கு எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்தான்.

"அவரு மூணு பேரு மார்க்கும் போவும்னாரு. என்னுது போனா போவுது. உன்னுதும் அத்னானுதும் ஏன் போவணும்? அதான் ரெக்கார்டிங்ல பாடிட்டேன். ரூமுக்குள்ள பாட முடிஞ்சிச்சு. அங்க கேட்டாண்ட நின்னா முடில ஜானட்டு. அவன் உள்ள போன எடத்தப் பாத்துக்கினு 'தோழா'ன்னு வாயே வரல. நீ எப்பிடினா மறைச்சி ஒட்டிடுவேன்னு நெனச்சேன்."

மறைத்து ஒட்டுவது எனக்குத் தெரியும். உதடு ஒட்டாத இடத்தில் முகத்தைக் காட்டக் கூடாது, வேறு எதையாவது காட்ட வேண்டும். டேங்கர் சக்கரம், புகைபோக்கி, செல்வத்தின் அம்மாவின் கை. அப்படியே வெட்டி ஜெபசிங் சாரிடம் காட்டினேன். 'தோழா தோழா' என்று ஓடும்போது கண்ணை மூடித் தலையசைத்தார். "இதைத்தான் நான் கேட்டேன். அருமை!" என்று கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

ப்ராஜெக்ட் படங்களைப் போட்டிக்குத் திரையிடும் நாள் காலையில் கல்லூரி வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். துறை விழா, மாணவர் படைப்புகள் என்று மேலே. கீழே வரிசையாக விழாவுக்கு உதவிய கம்பெனிகளின் சின்னங்கள். மூன்றாவது சின்னத்தை நான் பார்த்திருக்கிறேன். மணலி ரோட்டில், ஒரு கேட்டின் மேல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யுனிவர்சலாம்! எல்லாருக்கும் பொருந்துமாம்! சாருக்கு இது தெரிந்திருந்ததா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. செல்வத்துக்குப் போன் போட்டேன். ரயிலில் இருந்தான்.

"பேர போடட்டா, வேணாவா? ஒரே வார்த்த சொல்லு."

"மார்க்கு?"

"மார்க்கு கெடக்குது குப்பையில. அத்னானும் ஓக்கேன்ட்டான். நீ சொல்லு."

ஏதோ ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"போடு" என்றான். பிறகு, "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிப் போறேன். அம்மாவ இட்டாரணும்" என்றான்.

இரண்டு மணி நேரம்தான் இருந்தது. சக்கரத்தையும் புகைபோக்கியையும் எடுத்து எறிந்தேன். முகத்தைத் திரும்ப வைத்தேன், ஏழாவது டேக்கை, வெட்டே இல்லாமல். மூன்றாவது சரணம் தொடங்குகிற இடத்தில் ஸ்டுடியோ பாட்டை அறுத்தேன். மெட்டு இல்லை, மேளம் இல்லை, பைலட் ட்ராக் மட்டும். கொஞ்சம்கூடச் சுத்தம் பண்ணவில்லை.

மத்தியானம் அரங்கம் நிறைந்திருந்தது. செல்வத்தின் அம்மா நாலாவது வரிசையில், மகனுக்கும் அத்னானுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்லூரிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் விருந்தினர்கள், ஜெபசிங் சார், பூங்கொத்துகள். நான் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். முதல் சரணத்துக்குக் கைதட்டினார்கள். இரண்டாவதுக்குப் பின்வரிசைப் பையன்கள் நாற்காலியில் தாளம் போட்டார்கள். மூன்றாவது வந்தது. பாட்டு பட்டென்று நின்றது. யாரோ, "ஏய் ஆடியோ போச்சு" என்று கத்தினான். காற்று இரைந்தது. ஹாரன் அடித்தது. செல்வத்தின் முகம் மட்டும் திரை முழுக்க, உதடும் குரலும் இம்மிகூடப் பிசகாமல்.

அறிவு அறிவுன்னு கூவிக்கினு.

தாளம் போட்ட கைகள் நின்றுவிட்டன. எங்கள் பையன்களுக்கு அது யார் பேர் என்று தெரியும். ஜெபசிங் சார் பாதி எழுந்து என் பக்கம் திரும்பினார். அதற்குள் படம் முடிந்துவிட்டது. விளக்கு போடுவதற்கு முன்னால் செல்வத்தின் அம்மா உரக்கச் சொன்னார்: "அத்த இன்னொருவாட்டி போடும்மா."

போட்டேன். யாரைக் கேட்க வேண்டும்?

அரங்கத்துக்கு வெளியே சார் என்னைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது. "ஏமாத்திட்டியேம்மா. என் கையெழுத்த வாங்கிட்டு வேற படத்தப் போட்டிருக்கியே. உன்னை எவ்வளவு நம்புனேன்!"

"உதடு ஒட்டல சார். முகத்துல பொய் தெரியக் கூடாதுன்னு நீங்கதான சார் கத்துக் குடுத்தீங்க?" என்றேன். அத்னான் இந்தத் தடவை என் காலை மிதிக்கவில்லை.

எங்கள் படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் பாஸ் மார்க் மட்டும் வந்தது. மதிப்பெண் தாளில் 'மூன்றாவது சரணத்தில் ஒலித்தரம் மோசம்' என்று சாரின் கையெழுத்து. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலையில் அறிவின் முதல் வருட நினைவு நாள் வந்தது. தெருவில் பேனர் வைப்பார்கள், சோறு போடுவார்கள் என்று நினைத்துப் போனேன். செல்வத்தின் அம்மா காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். "அந்த டப்பாவ எடுத்துக்கினு வாங்க. இத்த கேட்டாண்ட போடணும்" என்றார். டப்பா என்றது ஸ்பீக்கரை.

எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். ஆட்கள் நோட்டில் எழுதிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அத்னான் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஸ்பீக்கரை வைத்தான். மூன்றாவது சரணம் மட்டும். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்குட்டுவன் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. ஒரு லாரியின் ஓரமாக நின்றான். பக்கத்தில் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

செக்யூரிட்டி அதே ஆள்தான். வந்தார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னாம்மா, இன்னா வோணும்?"

"உள்ள வந்தவன் பேர எழுதணும்."

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நோட்டை நீட்டிவிட்டார். அம்மாவுக்கு எழுத வராது. "ஜானட்டு, நீ எழுது" என்றார்.

எழுதினேன். பேர்: அறிவு. ஊர்: எண்ணூர். உள்ளே வந்த நேரம்: காலை எட்டு மணி. பக்கத்தில் போன வருடத் தேதி. நின்றபடி எழுதியதில் எழுத்து கோணலாகப் போனது, ஆனாலும் படிக்க முடியும். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

செக்யூரிட்டி விரல் வைத்துப் பார்த்தார். பழக்கதோஷம்தான், வேறு எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார்.

"வெளிய போன டைம் எழுதலியே?"

"அவன் இன்னும் வெளிய வரலியேண்ணே" என்றான் செல்வம்.